அத்தியாயம் 7: கன்டெய்னர் வரிசையில் ஓடும் வண்டிக்கு இன்ஜெக்‌ஷன் டியூனிங்

ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஆலையில் 1950-களின் நடுவில் புல்லட் கட்டத் தொடங்கினார்கள். அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தப் பட்டறையிலும் அந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் அளவு பார்ப்பது என்றால் கார்பரேட்டரைக் கழற்றுவதுதான். மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்று, ஊசியின் கிளிப்பை ஒரு காடி இறக்கு, பிளக்கின் நிறத்தைப் பார். 2009 கடைசியில் கிளாசிக் 500 வந்தது: 499 சி.சி., 84 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், கெய்ஹின் இன்ஜெக்‌ஷன். ஜெட் இருந்த இடத்துக்கு, மின்சாரத்தில் திறந்து மூடும் இன்ஜெக்டர் வந்தது. அது எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்று சொல்ல ஒரு ஈ.சி.யூ. பெட்டியும் வந்தது. 2020-இல் பி.எஸ். 6 புகை விதியோடு அந்த 500 எஞ்சின் விற்பனையிலிருந்து விலகியது. சாலையிலிருந்து விலகவில்லை. வடசென்னையில் இன்றும் அது ஓடுகிறது, அடிக்கடி மாற்றவும் படுகிறது. ஆகவே இந்த அத்தியாயத்தை அந்த எஞ்சினை வைத்தே எழுதுகிறேன். ஆர்15, டியூக் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுதான், எண்கள்தான் மாறும்.

டியூனிங் என்று வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, ஃபுல் த்ராட்டிலில் எத்தனை குதிரைத்திறன் கூடும் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, இந்த வாரம் எத்தனை முறை ஃபுல் த்ராட்டில் கொடுத்தீர்கள் என்று. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும், த்ராட்டிலை கால் பங்குக்கு மேல் திறக்காமல் ஓடும் வண்டி நம்முடையது. எவ்வளவு தெளிக்க வேண்டும் என்று ஈ.சி.யூ. பார்த்துக்கொள்ளும் மேப்பை ஒரு கட்டம் போட்ட தாளாக நினைத்துப் பாருங்கள்: குறுக்கே ஆர்.பி.எம்., நெடுக்கே த்ராட்டில் அளவு. நம் வண்டியின் வாழ்நாள் முழுக்க அந்தத் தாளின் ஒரு மூலையில், குறைந்த ஆர்.பி.எம்., குறைந்த த்ராட்டில் உள்ள மூலையில் கழிகிறது. டைனோவில் நல்ல வளைகோடு காட்டிய வண்டி காசிமேடு சிக்னலில் திணறி அணைந்தால், அந்த டியூனிங் பாதி வேலைகூட ஆகவில்லை. மூலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த மூலையைச் சரிசெய்வதில் பெரும்பங்கு லேப்டாப்பில் இல்லை. ஸ்பேனரிலும் மல்டிமீட்டரிலும் இருக்கிறது.

சட்டத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே போரைக் கூட்டி 500-ஐ 535 ஆக்கிய எஞ்சின் டிராக்குக்கு மட்டும். இருங்காட்டுக்கோட்டை டிராக் வரை அதை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். சாலையில் ஓடும் வண்டிக்கு சத்த வரம்புக்குள் நிற்கும் சைலன்சர், கழற்றாத கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், தேர்ச்சி பெறும் புகைச் சான்று ஆகிய மூன்றும் கட்டாயம். நம் பகுதியில் ஆலைப் புகையையும் சாம்பலையும் சுவாசிக்கும் குழந்தைகள் ஏற்கெனவே போதிய அளவு சுவாசிக்கிறார்கள். அதில் நம் வண்டியும் சேர வேண்டாம்.

காற்றும் பெட்ரோலும்

ஈ.சி.யூ.வுக்குக் கண் கிடையாது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, மேனிஃபோல்டில் அழுத்தம் எவ்வளவு, காற்றும் எஞ்சினும் எவ்வளவு சூடு, கிராங்க் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று சென்சார்கள் சொல்வதை நம்பி, உள்ளே இத்தனை மில்லிகிராம் காற்று போயிருக்கும் என்று கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு ஆலையில் இருந்த ஃபில்டரையும் சைலன்சரையும் வைத்துப் போட்டது. நீங்கள் இரண்டையும் மாற்றினால் உண்மையில் போகும் காற்று வேறு, பெட்டி நினைக்கும் காற்று வேறு. டியூனிங் என்பது இந்த இரண்டையும் மறுபடி ஒன்றாக்குவது.

காற்று நம் ஊரில் ஒரே மாதிரி இருப்பதில்லை. டிசம்பர் விடியற்காலை 21 டிகிரியில் இருக்கும் கடற்காற்றையும் மே மாத நடுப்பகல் 39 டிகிரிக் காற்றையும் எடுத்துக்கொண்டு, ஈரப்பதத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால், அதே ஒரு லிட்டரில் மே மாதக் காற்று சுமார் 7 விழுக்காடு குறைவு. போரை 84-லிருந்து 87 மி.மீ. ஆக்கி 535 செய்தால் கூடுவதும் 7 விழுக்காடுதான். ராயல் என்ஃபீல்டே 2013-இல் கான்டினென்டல் ஜிடி 535-இல் செய்த வேலை அது; 27.2 குதிரைத்திறன் 29.1 ஆனது. சிலிண்டரைக் கடைந்து சம்பாதித்ததை மே மாத வெயில் திருப்பி வாங்கிவிடுகிறது. டிசம்பர் காலையில் போட்ட மேப்பை வைத்துக்கொண்டு மே மாதத்தில் பிக்கப் போய்விட்டது என்று வருத்தப்பட வேண்டாம். காற்றின் வெப்பத்தைப் பெட்டி தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும். அதற்கு அந்தச் சென்சார் உண்மை சொல்ல வேண்டும். அந்தச் சென்சாரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெட்ரோலும் மாறிவிட்டது. கிளாசிக் 500 பிறந்த காலத்துப் பெட்ரோலுக்கு ஒரு கிலோவை முழுதாக எரிக்க ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய இ20-க்கு இந்த எண் 13.5-ஐ ஒட்டி வரும். அதாவது எதையும் மாற்றாத பழைய வண்டிகூட, பழைய அளவே தெளித்தால், சற்று லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, ஓடுகிறது. ஏற்கெனவே காற்றை அதிகம் விடும் ஃபில்டரையும் போட்டிருந்தால் லீன் மேல் லீன். மீட்டரில் 14.7, 13.2 என்று வரும் விகித எண்ணை விட்டுவிட்டு லாம்டாவை மட்டும் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். லாம்டா 1 என்றால் எந்தப் பெட்ரோலானாலும் காற்றும் எரிபொருளும் சரிக்குச் சரி. 1-க்கு மேல் லீன், கீழே ரிச். பங்க்கில் கலப்பு மாறினாலும் இலக்கு மாறாது.

லேப்டாப்பைத் திறக்கும் முன்

இந்த வேலைக்குப் பாதி நாளை ஒதுக்குங்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் வண்டிகளில் கோளாறின் வேர் பெரும்பாலும் இங்கேதான் கிடக்கும்.

முதலில் எர்த். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூக்கும். கனெக்டரின் உள்ளே பூத்திருப்பது வெளியே தெரியாது. இன்ஜெக்டருக்கு மின்சாரம் வந்தவுடனே அது திறந்துவிடுவதில்லை. சுமார் 1 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும், மின்னழுத்தம் குறைந்தால் இன்னும் கூடும். பேட்டரி அழுத்தத்தைப் பெட்டி அளந்து இதற்கு ஈடு கொடுக்கிறது. ஆனால் பச்சை பூத்த கனெக்டரில் 1 ஓம் தடை ஏறியிருந்தால், 12 ஓம் இன்ஜெக்டருக்குப் போகும் வழியில் ஏறத்தாழ ஒரு வோல்ட் தொலைகிறது. அது பெட்டிக்குத் தெரியாது. ஐட்லிங்கில் மொத்தமே இரண்டு, மூன்று மில்லி விநாடிதான் இன்ஜெக்டர் திறக்கிறது; அதில் கால் மில்லி விநாடி போனால் பெட்ரோல் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடும். ஃபுல் த்ராட்டிலில் இந்தக் குறை தெரியவே தெரியாது. சிக்னலில் மட்டும் வண்டி அணையும். மேப்பில் பெட்ரோலைக் கூட்டி இதை மறைத்தால், அடுத்த மழையில் கோளாறு வேறு முகத்தோடு வரும்.

எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். எல்லா சென்சார் கனெக்டர்களையும் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். சார்ஜிங் 13.8-க்கும் 14.5 வோல்ட்டுக்கும் இடையில் இருக்கட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் நீரில் நின்ற வண்டியாக இருந்தால், வயரிங் ஜோடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்காமல் டியூனிங்கைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது காற்றுக் கசிவு. த்ராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பிதுக்கிப் பாருங்கள். அதைவிட முக்கியம், சைலன்சர் பைப் ஹெட்டோடு சேரும் இடம். சைலன்சரை மாற்றியவர் பழைய கேஸ்கெட் வளையத்தையே போட்டிருப்பார். ஒரே சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு வெடிப்புக்கும் பிறகு பைப்பினுள் அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறையும் கணம் ஒன்று வரும். அப்போது அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்து லீன் என்று பொய் சொல்லும். பெட்டி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். வண்டி ரிச்சாக ஓடும், மைலேஜ் விழும், மீட்டர் மட்டும் லீன் என்று காட்டும்.

“சைலன்சர் மாத்துனதுலேர்ந்து ஆக்ஸிலேட்டர விட்டா டப்பு டப்புன்னு வெடிக்குதுண்ணே, பெட்ரோல ஏத்திவிடுங்க” என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் புது வளையம்தான் போடுவேன். பலருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

இன்ஜெக்டருக்கு வரும் அழுத்தம் பல வண்டிகளில் சுமார் 3 பார். கேஜ் வைத்துப் பாருங்கள். குறைந்தால் டேங்க்கினுள் இருக்கும் ஃபில்டர்தான் முதல் சந்தேகம். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும் என்பதால், கடற்கரையில் அரை டேங்க்கோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியின் பெட்ரோலை வடித்துவிட்டு நிரப்புங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள்: எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் ஓடும் வண்டியில் அனல் மின் நிலையச் சாம்பல் மாவாய்க் கொட்டும். எண்ணெய் பூசும் காட்டன் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் சென்சாரில் படியும், குறைந்தால் சாம்பல் சிலிண்டரில் படியும். இந்தப் பகுதிக்கு ஆலைக் காகித ஃபில்டரே நல்லது என்பது என் கருத்து. கூடும் அரைக் குதிரைத்திறனுக்காக ரிங்கைத் தேய்க்க வேண்டியதில்லை.

அளக்கும் சென்சார்

வண்டியோடு வரும் ஆக்ஸிஜன் சென்சார் நாரோபேண்ட் வகை. லாம்டா 1-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. டியூனிங்குக்கு வைடுபேண்ட் சென்சாரும் அதன் கன்ட்ரோலரும் தேவை. போஷ் எல்.எஸ்.யூ 4.9 எளிதில் கிடைக்கும். அதை மாட்ட பைப்பில் 18 மி.மீ., 1.5 பிட்ச் மரை உள்ள ஒரு வளையத்தை வெல்டு செய்ய வேண்டும். ராயபுரத்தில் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். பைப் எந்த உலோகமோ வளையமும் அதே உலோகமாக இருக்கட்டும். இடம்: கன்வெர்ட்டருக்கு முன்னால், ஹெட்டிலிருந்து ஒரு முழத்துக்குள். சென்சாரின் மூக்கு கீழ்நோக்கி, படுக்கைவாட்டத்துக்கு மேல் குறைந்தது 10 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த பைப்பில் சேரும் நீர் உள்ளே போய் பீங்கானை விரிசலிடும். மின்சாரம் கொடுக்காமல் சென்சாரை மாட்டி எஞ்சினை ஓட்டாதீர்கள், கரி பிடித்துச் செத்துவிடும். சாதாரண சிலிகான் பேஸ்ட்டைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோக வேண்டாம், அதன் ஆவியே சென்சாரைக் கொல்லும்.

மூலையிலிருந்து மேலே

பெட்ரோலை மாற்ற இரண்டு வழி. ஒன்று, பெட்டிக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே ஒரு பிக்கிபேக்கைச் செருகுவது. பெங்களூருவின் பவர்ட்ரானிக், அமெரிக்காவின் பவர் கமாண்டர் போன்றவை. மற்றது, பெட்டியின் உள்ளேயே எழுதுவது. பிக்கிபேக் வைக்கும்போது ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டி, மெதுவாகச் சீராக ஓடும்போது லாம்டா 1-ஐப் பிடித்து நிறுத்தும். அங்கே நீங்கள் 5 விழுக்காடு கூட்டினால் பெட்டி 5 விழுக்காடு குறைக்கும். முடிவில்லாத இழுபறி. அந்தப் பகுதியைப் பெட்டியிடமே விட்டுவிடுங்கள். கசிவு இல்லாமல் எர்த்தும் சரியாக இருந்தால் அது நன்றாகவே செய்யும். உங்கள் கை போக வேண்டியது அதற்கு அடுத்த கட்டங்களில்: மூடிய த்ராட்டிலிலிருந்து திறக்கும் கணம், கால் த்ராட்டிலிலிருந்து அரை வரை.

எஞ்சின் ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு தொடங்குங்கள். ஐட்லிங்கில் லாம்டா 0.95-லிருந்து 1 வரை. பெட்டி தானே லாம்டா 1-ஐப் பிடிக்காத வண்டியில் சீரான ஓட்டத்தில் 0.97-ஐ ஒட்டி, காற்றில் குளிரும் எஞ்சினுக்கு வெயிலில் 1-க்கு மேல் வேண்டாம். அரை த்ராட்டிலில் 0.92. ஒரு கட்டத்தில் த்ராட்டிலை அசைக்காமல் சில விநாடி நிறுத்தினால்தான் எண் நிலைக்கும், ஏனென்றால் எரிந்த வாயு சென்சாரை அடைய நேரமாகும். திருத்தும் கணக்கு எளிது: அளந்த லாம்டாவை இலக்கு லாம்டாவால் வகுங்கள். அளந்தது 1.04, இலக்கு 0.95 என்றால் 1.095; அந்தக் கட்டத்தில் 9.5 விழுக்காடு கூட்ட வேண்டும். ஒரு கட்டத்தில் மட்டும் 9.5 கூட்டி அண்டைக் கட்டத்தில் பூஜ்யமாக விடாதீர்கள். சரிவாக இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டி அந்த இடத்தில் உதறும். சாலையில் ஓட்டிக்கொண்டே மீட்டரைப் பார்க்கும் வேலை கூடவே கூடாது. பதிவு செய்துகொண்டு, வந்து உட்கார்ந்து பாருங்கள். லாரிக்காரர் உயரத்திலிருந்து உங்களைப் பார்க்கவே முடியாத சாலை அது.

இந்த நீள ஸ்ட்ரோக் எஞ்சின் நான்காவது கியரில் 35 கிலோமீட்டர் வேகத்தில் முக்கும்போதுதான் தட்டும். ஃபுல் ஆர்.பி.எம்.மில் அல்ல. பிக்கிபேக்கில் இக்னிஷனையும் மாற்ற முடியும் என்றால், 2,500 ஆர்.பி.எம்.முக்குக் கீழே, பாதிக்கு மேல் த்ராட்டில் உள்ள கட்டங்களில் 2 டிகிரி பின்தள்ளுங்கள்.

ஃபுல் த்ராட்டிலை டைனோவில் மட்டும் செய்யுங்கள். இலக்கு 0.86-லிருந்து 0.88. 535 ஆக்கியவர் இன்ஜெக்டர் போதுமா என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். சிலிண்டர் 85 விழுக்காடு நிரம்புவதாக வைத்தால் இரண்டு கிராங்க் சுற்றுக்கு ஒரு முறை உறிஞ்சும் காற்று சுமார் 0.51 கிராம். இ20-க்கு லாம்டா 0.88 என்றால் பெட்ரோல் 43 மில்லிகிராம். 5,500 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 2,750 முறை தெளிக்க வேண்டும். மொத்தம் 118 கிராம், அதாவது ஏறத்தாழ 158 மில்லி லிட்டர். இன்ஜெக்டரை 80 விழுக்காட்டு நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால், நிமிடத்துக்கு 200 மில்லி லிட்டர் தெளிக்கும் இன்ஜெக்டர் வேண்டும். உங்களுடையதைக் கழற்றி, 3 பார் அழுத்தத்தில் அளவுக் குவளையில் ஒரு நிமிடம் தெளிக்கவிட்டு அளந்து பாருங்கள். நெருப்பு, சிகரெட், வெல்டிங் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில்.

நின்று கிளம்பும்போது

விட்டுவைத்திருந்த வெப்ப சென்சாருக்கு வருகிறேன். ரயில்வே கேட்டிலோ லாரி வரிசையிலோ பத்து நிமிடம் நின்றால், எஞ்சினின் சூடு மேலேறி, காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் உடலையே சூடாக்கிவிடும். வெளியே 35 டிகிரி, சென்சார் 55 என்று சொல்கிறது. காற்று மெலிந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டி 6 விழுக்காடு பெட்ரோலைக் குறைக்கிறது. கிளம்பும் அந்தக் கணத்தில் உள்ளே போவதோ வெளியிலிருந்து வரும் புதுக் காற்று. வண்டி லீனாகித் தடுமாறும். த்ராட்டில் திறக்கும்போது கூடுதலாகத் தெளிக்கும் அளவை, பெட்டியோ பிக்கிபேக்கோ அனுமதித்தால், சூடான நிலைக்கு மட்டும் சிறிது உயர்த்துங்கள். அனுமதிக்காவிட்டால் 2 முதல் 5 விழுக்காடு த்ராட்டில் உள்ள கட்டங்களை 3 விழுக்காடு ரிச்சாக வைப்பதே வழி. ஏர்பாக்ஸை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டரை எஞ்சினுக்குப் பின்னாலேயே மாட்டிய வண்டிகளில் இந்தக் கோளாறு இரட்டிப்பாகும். அவர்களுக்கு என் அறிவுரை ஏர்பாக்ஸைத் திரும்ப மாட்டுவதுதான்.

சரிபார்ப்பதும் அதே சூட்டில்தான். நடுப்பகலில் நன்றாக ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை அணைத்து, பதினைந்து நிமிடம் வெயிலில் நிறுத்துங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டோடு ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். முதல் கியர் போட்டு, த்ராட்டிலைத் தொட்டும் தொடாமலும் கிளட்ச்சை விடுங்கள். ஆர்.பி.எம். முள் விழாமல் வண்டி நகர்ந்தால் மேப்பைச் சேமித்து, தேதி, வெப்பநிலை, போட்ட பெட்ரோல், இன்ஜெக்டர் அளவு எல்லாவற்றையும் அதே கோப்பின் பெயரில் குறித்து வையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் பைப் வளையத்தின் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, புகைச் சோதனை நிலையத்தில் சி.ஓ. அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிளக்கை ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.